பதினாலாம் எண் பன்றியும் இரண்டாவது மாத்திரையும்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எட்டுமணி என்பார்கள். வயதில் சிறியவர்கள் எட்டுமணியக்கா என்பார்கள். காலை எட்டு, மாலை எட்டு என்று இரண்டு வேளையும் விலங்குக்கூடத்துப் பன்றிகளுக்கு மாத்திரை கொடுப்பவர் அவர். எட்டு என்றால் எட்டுதான், ஐந்து நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாயிற்காவலரிடம் மணி கேட்டால், "என் வாட்ச் நின்னு ரெண்டு வருசமாச்சு. அக்கா உள்ள போயிட்டாங்கன்னா ஏழரை, வெளிய வந்துட்டாங்கன்னா ஒன்பது" என்பார்.

கூடத்தில் பன்னிரண்டு பன்றிகள். ஒவ்வொன்றின் உடம்பிலும் இன்னொரு பன்றியின் சிறுநீரகம் வைக்கப்பட்டிருந்தது. உடம்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன்னுடையது எது, பிறத்தியாருடையது எது என்று பிரித்துப் பார்த்துப் பிறத்தியாருடையதைத் தாக்கும். கிருமி வந்தால் நம்மைக் காப்பாற்றுவது இந்தக் குணம்தான். பிழைக்க வைப்பதற்காகப் பொருத்திய சிறுநீரகத்தைக் கொல்வதும் இதே குணம்தான். வந்திருப்பவர் நண்பரா பகைவரா என்று அது விசாரிப்பதில்லை. ஆகவே அதை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். ஒரு வாரம், ஒரு மாதம் அல்ல, உயிர் இருக்கிற வரைக்கும். மருந்து குறைந்தால் உடம்பு விழித்துக்கொண்டு சிறுநீரகத்தை அழிக்கும். மருந்து கூடினால் மருந்தே அந்தச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவு பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். எந்த மருந்தோடு எதைச் சேர்த்தால் ஒரு விலங்கு இப்படி நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. நாளைக்கு அது மனிதர்களுக்கு உதவும் என்று சொன்னார்கள். உதவும் என்றே நானும் நம்புகிறேன்.

அடக்கி வைக்கப்பட்ட உடம்புக்கு நம்முடைய சாதாரணச் சளி போதும், கதை முடிந்துவிடும். அதனால் உள்ளே போகிறவர்கள் வாசலிலேயே தலைக்குக் குளித்து, அங்கே தரும் உடையைப் போட்டு, முகத்தையும் முடியையும் மூடிக்கொண்டுதான் போகவேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இது போக வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குளியல். வேலை முடிந்து வீடு திரும்பியதும் மாமியாருக்காக ஒரு குளியல்.

"பன்னியத் தொட்ட கையோட அடுப்பாண்ட வராத" என்பது மாமியாரின் சட்டம்.

"அத்தை, நாலு வேளை குளிக்கிறேன். மீனுக்குக்கூட இவ்வளவு தண்ணி ஆகாது."

"மீனு பன்னியத் தொடுதா?"

மாமியாராவது நேரில் சொல்வார், சிரிப்பார். எதிர்வீட்டுக்காரி அப்படியில்லை. எட்டுமணி கொடுக்கிற தண்ணீரை வாங்கி, குடிக்காமல், படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவாள். அந்தத் தெருவிலேயே அவரைவிடச் சுத்தமான கை யாருக்கும் கிடையாது. அறுவை செய்கிற மருத்துவர்களுக்கு இணையாகத் தேய்த்துக் கழுவிய கை அது. உடம்பு அந்நியத்தை ஒதுக்குவதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். தெரு ஒதுக்குவதற்கு இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தேடுகிறார்களா என்பதே சந்தேகம்.

எட்டுமணி பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். அதை மூடியபோது, பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிற கணவர் யார் யாரிடமோ சொல்லி வைத்து இந்த நிலையத்தில் துப்புரவு வேலை வாங்கிக்கொடுத்தார். சாணம் வாரவும் தரை கழுவவும் வந்தவர். மூன்றாம் வருடம், மருந்து கொடுக்கிற பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு வேலைக்குப் போனார். "ஆள் வர்ற வரைக்கும் கொஞ்ச நாள் நீங்க பாத்துக்கோங்க" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் எட்டு வருடமாகிவிட்டது. இதற்குள் அவர் ஊசி போடக் கற்றார், காயம் கட்டக் கற்றார், ஒரு பன்றி மூச்சு விடுகிற விதத்தைப் பார்த்தே நாளைக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்லக் கற்றார். அலுவலகக் கோப்பில் மட்டும் அவர் இன்றுவரை துப்புரவுப் பணியாளர்.

இந்த வேலை பாவமில்லையா என்று கேட்காதவர்கள் இல்லை. மாமியாரும் கேட்டிருக்கிறார்.

"பாவம்தான் அத்தை. அதுங்க கேட்டா வந்துச்சு? அதனாலதான் சரியாப் பண்ணணும். தப்பும் தவறுமாப் பண்ணா அதுங்க பட்டதெல்லாம் வீணாப் போயிடும்ல."

ஆராய்ச்சி அறம் பற்றிப் பெரிய மண்டபங்களில் நடக்கும் சொற்பொழிவுகளில் இதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பன்றிகளில் பதினாலாம் எண் ஒரு தினுசு. எண்கள் பதினாறு வரை போகும். நான்கு இறந்துபோயின, மீதி பன்னிரண்டு. பதினாலுக்கு அறுவை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாக்கு நீளம், சந்தேகம் அதைவிட நீளம். மற்ற பன்றிகள் வாழைப்பழத்துக்குள் வைத்த மாத்திரையை ஒரே விழுங்காக விழுங்கும். பதினாலாம் எண் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தனியாகத் துப்பும். விதிப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஒரே வரி: "உணவில் வைத்துக் கொடுக்கவும்." எந்த உணவு என்று இல்லை. ரொட்டி கொடுத்துப் பார்த்தார், துப்பியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்துப் பார்த்தார், அதையும் துப்பியது. காவலர் கொட்டகைக்குப் பின்னால், எலுமிச்சை இனத்துப் பெரிய பழம் காய்க்கிற பம்பளிமாஸ் மரம் ஒன்று உண்டு. தின்ன ஆளில்லாமல் பழங்கள் விழுந்து கிடக்கும். ஒருநாள் ஒரு பழத்தைக் கழுவி உரித்து, ஒரு சுளையைக் கீறி, உள்ளே மாத்திரையை வைத்துக் கொடுத்தார். பதினாலு தின்றுவிட்டு இன்னொரு சுளைக்கு வாயைத் திறந்து நின்றது. கொடுத்தார். அன்றிலிருந்து மூன்று வாரம், நாற்பத்திரண்டு வேளை, ஒரு தடவைகூடத் துப்பவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. வீட்டிலும் சொன்னார். "பன்னிக்கு ஊட்டி விடறா, எனக்கு ஒரு சுளை கிடையாது" என்று கணவர் குறைப்பட்டுக்கொண்டார்.

வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள். இரண்டாம் வாரத்திலேயே பதினாலுக்கு இருபத்திரண்டு வந்தது. கருவிக் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் வார வியாழக்கிழமை முப்பத்தொன்று வந்தது. பன்றிக்குக் கால் நடுங்கியது, தீவனத்தில் பாதி மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை மதியம் கால்நடை மருத்துவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதுப் பெண்மணி, அநாவசியமாகப் பேசாதவர். எட்டுமணியின் வேலை மேல் மதிப்பு உள்ளவர். அன்று அவருக்கே முகம் சரியில்லை. மேசையின் மேல் ஒரு கடிதம் இருந்தது. ஆராய்ச்சிக்குத் தலைவரான அறுவை மருத்துவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்று சொல்பவர், கையெழுத்துப் போட்டிருந்தார். "துப்புரவுப் பணியாளராகிய தாங்கள் பதினாலாம் எண் விலங்குக்கு ஒரே வேளையில் இரண்டு மாத்திரை கொடுத்த அலட்சியத்துக்கு ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரவேண்டும், தவறினால் பணிநீக்கம் செய்யப்படுவீர்கள்" என்று இருந்தது.

எட்டு வருடம் மருந்து கொடுத்தபோது அவர் எட்டுமணி. பிழை என்று ஒன்று வந்ததும் அவர் துப்புரவுப் பணியாளர். துப்புரவுப் பணியாளர் கையில் மருந்தைக் கொடுத்தது யார் என்று மட்டும் அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

எட்டுமணி இரண்டு தடவை படித்தார்.

"நான் ரெண்டு போடல டாக்டரம்மா."

"அது துப்பிடுச்சுன்னு நெனச்சு மறுபடி குடுத்திருப்பீங்க. வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும்."

"துப்பினா அந்த மாத்திரையக் கொண்டு போய்க் குடுத்தாதான் ஸ்டோர்ல வேற மாத்திரை தருவாங்க. மூணு வாரமா நான் ஒண்ணுகூட மாத்தி வாங்கல. கேட்டுப் பாருங்க."

"மத்த பன்னியோடத எடுத்துப் போட்டிருக்கலாம்னு சொல்றாங்க."

"அப்ப அந்தப் பன்னிக்குக் குறைஞ்சிருக்கணுமே? பதினோரு பன்னிக்கும் சரியா இருக்கே. நான் போட்டேங்கிற ரெண்டாவது மாத்திரை எங்கிருந்து வந்துச்சு? வீட்ல செஞ்சு எடுத்துட்டு வந்தேனா?"

மருத்துவர் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். இப்படிப் பதில் இல்லாத இடத்தில்தான் நம் அலுவலகங்களில் ஒரு வாக்கியம் பிறக்கும். அவரும் அதைச் சொன்னார்: "இதெல்லாம் பெரிய டாக்டர்கிட்ட பேச முடியாது." பிறகு தனக்கே வெட்கமாகிப் போய், "சரி, ஒண்ணு செய்யலாம். திங்கட்கிழமை ரத்தம் எடுக்கிற வரைக்கும் ஒவ்வொரு வேளையும் கூட ஒருத்தர் நின்னு பாக்கட்டும். பாத்துக் கையெழுத்துப் போடட்டும்" என்றார்.

"ஸ்டோர் அண்ணனே வரட்டும். அவர்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு."

ஸ்டோர் பொறுப்பாளர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். வாய் ஓயாதவர். மாத்திரையை எண்ணிக் கொடுப்பது அவர் வேலை. "என் எண்ணிக்கை தப்பாது. அப்ப தப்பு யாருதுன்னு நீங்களே பாத்துக்கோங்க" என்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சிற்றுண்டிச் சாலையில் சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சியாக நிற்கவேண்டும் என்றதும் அவர் முதலில் கேட்டது, "தலைக்குமா குளிக்கணும்?"

"தலைக்கும்தான் அண்ணே. சோப்பு அங்கயே இருக்கு."

"நான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமைதாம்மா தலைக்குக் குளிப்பேன். எனக்குச் சளி புடிக்கும்."

"சளி புடிச்சா உங்கள உள்ள விடமாட்டாங்க. கவலைப்படாதீங்க."

வெள்ளி மாலை எட்டு மணிக்கு அவர் முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தடுப்புக்கு வெளியே இரண்டு அடி தள்ளி நின்றார். பன்றி எழுந்து வந்ததும் மூன்றாவது அடியும் தள்ளினார். எட்டுமணி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"எத்தன அண்ணே?"

"ஒண்ணு."

"நல்லாப் பாருங்க."

"ஒண்ணும்மா, ஒண்ணு. எனக்கு என்ன கண்ணா தெரியாது?"

சுளைக்குள் வைத்தார். பதினாலு தின்றது. அதன் வாயைத் திறந்து உள்ளே விரல் விட்டுக் காட்டினார். ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டார். சனி இரண்டு வேளை, ஞாயிறு இரண்டு வேளை. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பயம் தெளிந்து தடுப்புக் கம்பியில் சாய்ந்து நிற்கப் பழகிவிட்டார். எல்லாப் பன்றிக்கும் எட்டுமணி வாழைப்பழத்தைக் கொடுத்துக்கொண்டே வந்து பதினாலாம் எண்ணுக்கு முன் பம்பளிமாஸை உரிக்கத் தொடங்கியதும், "ஊருக்கெல்லாம் ஒரு பந்தி, இவருக்கு மட்டும் தனி இலையா? மாப்ளயாட்டம் உபசாரம்" என்றார்.

எட்டுமணி சிரித்தார். சுளையைக் கீறிய கை ஒரு கணம் நின்றது. பிறகு எப்போதும்போல மாத்திரையை வைத்துக் கொடுத்தார். வேளை தவறக்கூடாதே.

திங்கட்கிழமை மதியம் அளவு வந்தது. முப்பத்துநான்கு.

கால்நடை மருத்துவர் தானே கூடத்து வாசலுக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "நீங்க தப்பிச்சீங்க. அஞ்சு வேளையும் ஒண்ணுதான் குடுத்தீங்கன்னு அவர் எழுதிக் குடுத்திருக்காரு. அப்படியும் ஏறியிருக்கு. இந்தப் பன்னியோட உடம்புவாகு அப்படின்னு வெச்சுக்க வேண்டியதுதான். மருந்தப் பாதியாக் குறைச்சிடலாம். வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

"சரிங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் எட்டுமணி. ஆனால் மனம் நிம்மதிப்படவில்லை.

மாலையில் அதே மாத்திரையை அதே சுளையில் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்ததும் கணவரிடம் சொன்னார்.

"எல்லாப் பன்னிக்கும் அதே தீவனம், அதே தண்ணி, அதே மாத்திரை. இதுக்கு மட்டும்தான் பழம் வேற. பழம் மாத்துனப்பறம்தான் ஏறியிருக்கு."

"பழத்துல என்ன இருக்கு? பழம்தான?"

"தெரியல. தெரிஞ்சுக்கணும்."

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இங்க பாரு. உம்மேல தப்பில்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நீயாப் போயி எங்கையாலதான் கெட்டுச்சுன்னு சொன்னா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. பேசாம இரு. பழத்த மட்டும் சத்தமில்லாம நிறுத்திடு. முடிஞ்சது."

"நிறுத்தினா அளவு இறங்கிடும். அவங்க மருந்தயும் குறைச்சிருப்பாங்க. ரெண்டும் சேந்து அடியோட இறங்கினா அந்தக் கிட்னியவே உடம்பு தின்னுடும்."

"பன்னிதான?"

மாமியார், "அவளுக்கு நேரம் சரியில்ல. நான் அப்பவே சொன்னேன், நல்ல ஆளாப் பாத்துக் கட்டம் போட்டுக் கேளுன்னு" என்றார்.

"நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கு அத்தை. எட்டுன்னா எட்டு. பழம்தான் சரியில்ல."

அவர் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் பாதி அடுப்பு எரியாது. அது அங்கே உட்கார்ந்திருந்த மூவருக்கும் தெரியும். ஆகவே கணவரைக் கோழை என்று சொல்ல நான் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால் சோறு போகும் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, ஏழைகள் உண்மை பேசுவதில்லை என்று குறை சொல்கிற உலகத்தைத்தான் கோழை என்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் எட்டுமணி கால்நடை மருத்துவர் அறைக்கு வெளியே நின்றார். மருத்துவர் வந்து கதவைத் திறக்கும் முன்பே கேட்டார்: "டாக்டரம்மா, பழத்தால மருந்து ஏறுமா?"

"என்ன பழம்?"

"பம்பளிமாஸ். பதினாலுக்கு மூணு வாரமா அதுலதான் வெச்சுக் குடுக்கறேன்."

மருத்துவர் சாவியைப் பூட்டில் வைத்தபடியே திரும்பினார். உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்துப் போட்டார். சிறுநீரகம் மாற்றிய மனிதர்களுக்கு மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் தாள் அது. உண்ணக்கூடாதவை என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரியில் அந்தப் பழம் இருந்தது. வயிற்றிலும் ஈரலிலும் இந்த மருந்தைச் சிதைக்கிற ஒரு பொருள் இருக்கிறது. இந்தப் பழத்தின் சாறு அதைச் செயல்படாமல் தடுத்துவிடும். சிதையாத மருந்து ரத்தத்தில் அப்படியே ஏறி நிற்கும். ஒரு மாத்திரை இரண்டு மூன்று மாத்திரையின் வேலையைச் செய்யும். மனிதர்களுக்குச் சிகிச்சை தருகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பன்றிக்குப் பழம் ஊட்டுகிறவருக்கு அதைச் சொல்லவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" மருத்துவரின் குரல் உயர்ந்தது.

"யாரும் கேக்கலயே டாக்டரம்மா. எத்தன மணி, எத்தன மாத்திரை, துப்பிச்சா இல்லயா, இவ்வளவுதான் ஃபாரத்துல இருக்கு. எதுல வெச்சுக் குடுத்தீங்கன்னு கட்டமே இல்ல."

மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் அவர்தான்.

"சரி. இன்னிக்கே பழத்த நிறுத்துங்க. மருந்தயும் பாதியாக் குறைச்சிடறேன்."

"ரெண்டையும் ஒண்ணா மாத்தாதீங்க டாக்டரம்மா. அப்பறம் எதால இறங்கிச்சுன்னு யாருக்கும் தெரியாது. பழத்த மட்டும் நிறுத்துவோம். மாத்திரை அதே ஒண்ணு."

மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை. இதைப் புரியவைக்க அந்த நிலையத்தில் பட்டதாரிகளுக்கு ஒரு பருவம் முழுக்க வகுப்பு எடுப்பார்கள்.

"அந்தப் பன்னிக்கு இப்பவே நடுங்குது. ரெண்டு நாள்தான் பொறுப்பேன். வியாழக்கிழமை இறங்கலன்னா குறைச்சிடுவேன்."

"சரிங்க."

அந்த இரண்டு நாளும் பதினாலு அவரைப் படாதபாடு படுத்தியது. பழம் எங்கே என்று அவர் கையைத் துழாவியது. மசித்த உருளைக்கிழங்கில் வைத்ததைத் துப்பியது. துப்பிய மாத்திரையைக் கொண்டு போய்ப் புதியது வாங்கி, இன்னொரு உருண்டை பிடித்து, தாடையைத் தடவி, கெஞ்சி, ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "மாப்ளைக்குக் கோவமா?" என்று ஸ்டோர் பொறுப்பாளர் கேட்டார். இப்போது அவர் தினமும் தலைக்குக் குளித்துக்கொண்டு தானாகவே வந்து நின்றார். கையெழுத்தும் போட்டார்.

வியாழக்கிழமை இருபது வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெரிய டாக்டரின் அறை. அவர் கெட்ட மனிதர் அல்லர். அன்று காலை ஆறு மணியிலிருந்து ஒரு குழந்தையின் ஈரலோடு போராடிவிட்டு வந்திருந்தார். பன்றி விவகாரத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உறங்கப் போக விரும்பினார். எட்டுமணியையும் ஸ்டோர் பொறுப்பாளரையும் உடன் அழைத்து வந்திருந்த கால்நடை மருத்துவர் எல்லாவற்றையும் சொன்னார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆக, உன் கையாலதான்மா நடந்திருக்கு."

"ஆமா சார். என் கையாலதான். பழம் குடுத்தது தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா இந்தக் கடிதாசில நான் ரெண்டு மாத்திரை போட்டேன்னு எழுதியிருக்கு. அத அடிச்சிடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. மருந்து அதிகமாச்சு. அது விலங்கு ஆராய்ச்சியக் கண்காணிக்கிற குழுவுக்கும் போயிடுச்சு. இப்ப போயி மாத்தி எழுதிக்கிட்டு..."

"ஒண்ணில்ல சார்."

அந்த அறையில் யாரும் பெரிய டாக்டரிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. ஸ்டோர் பொறுப்பாளர் கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு போட்டேன்னு எழுதினா என்ன சார் செய்வீங்க? என்ன அனுப்பிட்டு, எண்ணத் தெரிஞ்ச வேற ஒருத்தியக் கொண்டு வருவீங்க. அவ ஒண்ணே ஒண்ணுதான் போடுவா. எண்ணி எண்ணிப் போடுவா. பன்னி துப்பும். அவளும் அந்த மரத்துக்குத்தான் போவா. மறுபடி ஏறும். அவளையும் அனுப்புவீங்க. மரம் அங்கயேதான் இருக்கும்."

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அவரை முழுதாகப் பார்த்தார்.

ஸ்டோர் பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். "சார், நான் பதினொரு வேளை பக்கத்துல நின்னு பாத்தேன். ஒண்ணுதான் சார். நான்தான் மொதல்ல தப்பாச் சொன்னேன்."

"இத்தன வருசமா மருந்து குடுக்கறது இவங்கதானா? பயிற்சி ஆள் யாரும் இல்லையா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"எட்டு வருசமா இவங்கதான்" என்றார் கால்நடை மருத்துவர். "பயிற்சி ஆள் கேட்டு எழுதி எழுதி அனுப்பிட்டுத்தான் இருக்கேன். ஃபாரமும் என் தப்பு. அதையும் சேத்து எழுதுங்க."

பெரிய டாக்டர் பேனாவை எடுத்தார். "ஒரே வேளையில் இரண்டு மாத்திரை கொடுத்த அலட்சியம்" என்ற வரியின் மேல் கோடு இழுத்தார். கோடு நேராக இல்லை. மேலே சிறிய எழுத்தில், "அனுமதி பெறாத உணவில் மருந்து கொடுத்தது; விதியில் உணவு குறிப்பிடப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பணிநீக்கம் என்பதை அடித்து எச்சரிக்கை என்று மாற்றினார். குழுவுக்கும் இதே திருத்தம் போகும் என்றார். எட்டுமணி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

"பதினால என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டார்.

பதில் அவருக்குத் தெரியும். ஆய்வு ஒரு மருந்துக் கூட்டைப் பற்றியது. மூன்று வாரம் பழத்தால் அளவு தாறுமாறாகிப் போன விலங்கை அந்தக் கணக்கில் வைக்க முடியாது. கணக்கிலிருந்து நீங்கிய விலங்கை வைத்துக்கொள்ள இடமும் கிடையாது, விதியும் கிடையாது. அடக்கிய உடம்போடு அதை வெளியே விடவும் முடியாது.

"நாளைக்குக் காலைல" என்றார் கால்நடை மருத்துவர்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பதினாலாம் எண்ணை அறுவைக் கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போனவர் எட்டுமணிதான். வேறு யார் பின்னாலும் அது போகாது. வழியில் இரண்டு தடவை நின்று அவர் கையை முகர்ந்தது. மயக்க ஊசி போட்டதும் சாய்ந்தது. அதன் தலை மேசையில் இடிக்காமல் கையை அடியில் வைத்துத் தாங்கினார்.

அரை மணி கழித்துக் கால்நடை மருத்துவர் அவரை உள்ளே கூப்பிட்டு, வெட்டி வைத்த சிறுநீரகத்தைக் காட்டினார். பாதிக்கப்பட்ட இடங்கள் வெளிறிப் பட்டை பட்டையாகத் தெரிந்தன.

"இது உடம்பு ஒதுக்கினதா, மருந்து கெடுத்ததா?"

"மருந்து. ஒதுக்கல் எங்கயுமே இல்ல."

"பழத்த நிறுத்திட்டு இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா தேறியிருக்குமா?"

மருத்துவர் யோசித்தார். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "தேறியிருக்கலாம்."

எட்டுமணி தலையசைத்தார். "ஆராய்ச்சிய அச்சுல போடும்போது ஒரு பன்னிய நீக்கினோம்னு மட்டும் எழுதாதீங்க டாக்டரம்மா. எதனாலன்னும் எழுதுங்க. வேற எங்கயாவது யாராவது இதே பழத்தக் குடுத்துட்டிருப்பாங்க."

எழுதுவதாக மருத்துவர் வாக்குக் கொடுத்தார். அவர் எழுதியும் காட்டினார், நான்கு வரி. பெரிய டாக்டர் அதை ஒரு வரியாகச் சுருக்கினார். அந்த ஒரு வரிக்காக இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் இரண்டு வரி அச்சானது. அதில் பழத்தின் பெயர் இருக்கிறது. கண்டுபிடித்தவரின் பெயர் இல்லை. பதவியைத் திருத்தச் சொல்லி எட்டுமணி கொடுத்த மனு அலுவலகத்தில் எங்கோ கிடக்கிறது. அதைத் தேடினால் கிடைக்காது, நானும் தேடிப் பார்த்தேன்.

அன்று மதியம் எட்டுமணி காலியான தடுப்பைத் தானே தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கணவர் இன்னும் வரவில்லை. மாமியார் தட்டை வைத்தார்.

"வேலை இருக்கா, போச்சா?"

"இருக்கு அத்தை."

"அந்தப் பன்னி?"

"அது போச்சு."

மாமியார் சோற்றைப் போட்டார். பிறகு, "சாப்பிடு. சாயங்காலம் மத்ததுங்களுக்குப் போவணும்ல" என்றார்.